213, பின்கதவு

எங்கள் மியூசியத்துக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "மியூசியம் எங்கே இருக்கு?" என்றுதான். அதற்குள்ளேயே நின்றுகொண்டு கேட்பார்கள். நானும் சளைக்காமல், "இதுதான்" என்பேன். பன்னிரண்டுக்குப் பதினாலடி அறை. டில்லியில் எங்கள் பேட்டைத் தமிழ்ச் சங்கத்தின் ஹாலுக்குப் பின்னால், ஒரு காலத்தில் மடக்கு நாற்காலிகளும் கல்யாண அண்டாக்களும் அடைந்துகிடந்த இடம். ஒரே ஒரு ஜன்னல். குளிர்காலத்தில் பதினோரு மணிக்கு அதன் வழியாக வெயில் உள்ளே வரும், ஒரு மணிக்குத் திரும்பிப் போய்விடும். அந்த இரண்டு மணி நேரம்தான் நாங்களும் திறந்து வைத்திருப்போம், வியாழனும் ஞாயிறும்.

அடுத்த கேள்வி, எந்த ஊரின் மியூசியம் என்பது. சரோஜினி நகர் என்றால் சிரிப்பார்கள். "அது துணி மார்க்கெட் இல்லையோ?" என்பார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு ஊரே இருந்ததையா! மஞ்சள் வெள்ளையடித்த இரண்டு மாடி அரசாங்கக் குவார்ட்டர்ஸ்கள், வேப்ப மரங்கள், முன்னால் புல்தரை, பின்னால் ஒடுங்கிய சந்து, பால் பூத், பள்ளிக்கூட பஸ் நிற்கிற மூலை என்று எல்லாம் இருந்த ஊர். ஊர் என்று சொல்ல வேறென்ன வேண்டும்?

ஒன்றே ஒன்று குறை. அந்த ஊரில் பிறந்தவர்கள் உண்டு, அங்கிருந்தே கடைசிப் பயணம் போனவர்கள் உண்டு, ஆனால் சொந்தக்காரர் என்று ஒருவர்கூடக் கிடையாது. ரிடையர் ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். கிழவர்களே இல்லாத ஊர். ஆபீஸ் போகிறவர்களும் அவர்கள் பிள்ளைகளும் மட்டும் இருக்கிற ஊர். நானும் ஒரு மந்திரி ஆபீஸில் ஃபைல் எழுதிக்கொண்டு முப்பது வருஷம் 214-ஆம் நம்பர் வீட்டில் இருந்தேன். பெரிய குவார்ட்டர்ஸ் கிடைத்தபோதுகூடப் போகவில்லை. ரிடையர் ஆன பிறகு துவாரகாவில் ஒரு ஃபிளாட்டுக்கு வந்தேன். அதற்கப்புறம் ஊரையே இடித்துவிட்டார்கள்.

இடித்ததைக் குற்றமாகச் சொல்லவில்லை. கட்டடங்கள் வயசாகி உதிர்ந்துகொண்டுதான் இருந்தன. இப்போது அந்தப் பக்கம் போனால் தகரத் தட்டிகள், அதற்கு மேல் கிரேன்கள். ஜனவரி மாதத்துக் காலை மூட்டத்தில் தட்டியும் தெரியாது, கிரேனும் தெரியாது. ஆட்டோவில் போகும்போது வெறும் வெள்ளைப் படலம். எனக்கோ அதற்குள் 208 வீட்டுத் துளசி மாடம் தெரியும், 211 வீட்டு ஜன்னலில் காய்கிற வடாம் தெரியும். ஆட்டோக்காரர், "மாதாஜி, உதர்னா ஹை க்யா?" என்று கேட்பார். இறங்கவேண்டிய இடம் அதுதான், ஆனால் இறங்க இடமில்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வது? "சலியே பையா", போகலாம் என்பேன்.

மியூசியம் யோசனை என்னுடையது இல்லை. ஒரு பாதுகாப்புத் துறை டிப்போவில் ஸ்டோர்ஸ் பார்த்து ரிடையர் ஆன திருநெல்வேலிக்காரர் ஒருவருடையது; ஒரு காலத்தில் 230-இல் இருந்தவர். வீடுகள் காலியாகத் தொடங்கியதும் சைக்கிளில் ஒரு கோணிப்பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். விட்டுப்போன தகரப் பெட்டி, பித்தளைப் பால் டோக்கன், கூலரின் வெட்டிவேர்த் தட்டி, ஊஞ்சல் கொக்கி, வருஷாவருஷம் அடித்த சுண்ணாம்பு அடுக்கடுக்காகத் தெரிகிற ஒரு கைப்பிடிச் சுவர்க்காரை என்று கண்டதையெல்லாம் கொண்டுவந்து சேர்த்தார். நான் தமிழில் சீட்டு எழுதிக் கொடுக்கப் போனவள்தான். அப்படியே ஒட்டிக்கொண்டேன்.

அவருடைய முறை ஒன்று உண்டு. எந்தப் பொருளையும் வகை பிரித்து வைக்க மாட்டார். பாத்திரமெல்லாம் ஒரு பக்கம், புத்தகமெல்லாம் ஒரு பக்கம் என்பது கிடையாது. வீடு எந்த வரிசையில் இருந்ததோ அந்த வரிசையில் ராக்கில் வைப்பார். இந்தப் பக்க ராக் எங்கள் சந்து, எதிர் ராக் எதிர்ச் சந்து. நடுவில் ஓர் ஆள் நடக்கிற இடம். வெயில் வந்ததும் நான் அதில் மெதுவாக நடப்பேன். 208, 209, 210. கண்ணை மூடிக்கொண்டாலும் எந்த வீட்டு வாசலில் நிற்கிறேன் என்று தெரியும். சிலநாள் 212 தாண்டும்போது தாளித்த கடுகு வாசனை வந்ததாகச் சத்தியம் பண்ணத் தயாராக இருப்பேன். "ஹால்ல சாம்பார் வைக்காக மேடம்" என்று சொல்லி அவர் என்னைத் தரையில் இறக்கிவிடுவார்.

"நம்பர் இல்லாத பொருளு அநாதைல்லா மேடம்" என்பார். ஆகவே ஒவ்வொரு பொருளிலும் வீட்டு நம்பர். பெயர் எழுத வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? அந்த ஊரில் எவருக்கும் பெயர் கிடையாது. ஆண்களுக்காவது ஆபீஸில் பெயர் இருந்தது. பெண்கள் எல்லாரும் நம்பர்தான். நான் டூ ஃபோர்ட்டீன். மதில் தாண்டி அடுத்த வீட்டு மாமி டூ தர்ட்டீன். "டூ ட்வெல்வுக்குப் பிள்ளை பொறந்திருக்கு" என்றால் ஊருக்கே புரியும். வீட்டில் ஆள் மாறினாலும் நம்பர் மாறாது. புதிதாக வந்தவளும் அன்று சாயங்காலத்துக்குள் டூ ட்வெல்வ் ஆகிவிடுவாள். நாங்கள் செய்த பிசகு அங்கேதான் இருந்தது. அப்போது அது பிசகாகவே படவில்லை.

டூ தர்ட்டீன் மாமியைப் பற்றிச் சொல்லவேண்டும். கும்பகோணத்துப் பக்கம். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். பதினைந்து வருஷம் ஒரே மதிலைப் பங்கு போட்டுக்கொண்டோம். காலையில் அஞ்சு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும், ஏழுக்கு நின்றுவிடும். பின்கட்டில் டிரம்மை நிரப்பிக்கொள்ள வேண்டும். யார் முதலில் எழுந்தாலும் மதிலைத் தாண்டி மற்றவளை எழுப்ப வேண்டும் என்பது எங்களுக்குள் எழுதாத சட்டம். "டூ தர்ட்டீன்! தண்ணி வந்துடுத்து!" என்று நான் கத்துவேன். "வந்துட்டேன் டூ ஃபோர்ட்டீன்!" என்று பதில் வரும். சண்டை போட்ட நாளிலும் இது நிற்காது. சண்டையும் போடுவோம். கடைசி சில வருஷமாக அவள் பின்கதவைத் தாழ்போடாமல் தூங்குகிற பழக்கம் வைத்திருந்தாள். திருடன் வந்தால் என் வீட்டுக்கும் சேர்த்துத்தானே வருவான் என்று நான் கத்துவேன். "என்னாத்துல என்ன இருக்கு எடுத்துண்டு போக?" என்று சிரித்து மழுப்பிவிடுவாள். மாமா ரிடையர் ஆனதும் மயூர் விஹாருக்குப் போனார்கள். அப்புறம் தீபாவளிக்கு ஒரு போன், அதுவும் நின்றுபோனது.

போன டிசம்பரில் ஒரு நாள் என் கைபேசி அடித்தது. பெண் குரல். "மாமி, நீங்க டூ ஃபோர்ட்டீன் தானே? நான் டூ தர்ட்டீன் பொண்ணு."

ரெட்டைப் பின்னலும் நீல யூனிஃபார்முமாகப் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு ஓடுகிற ஒரு குழந்தைதான் கண்ணில் வந்தது. அவளுக்கு இப்போது ஐம்பத்தைந்து இருக்கும். சங்கத்து வாட்ஸப் குழுவில் யாரோ எங்கள் அறையைப் படமெடுத்துப் போட்டிருக்கிறார்கள். அது சுற்றிச் சுற்றி அவளிடம் போயிருக்கிறது.

"எனக்குத் தமிழ் படிக்க வராது மாமி. நம்பர் மட்டும் படிச்சேன். டூ ஒன் த்ரீ. பக்கத்துல ஒரு குட்டி ஸ்வெட்டர், பாதிதான் போட்டிருக்கு, ஊசியோட. கீழ எழுதியிருக்கறதை போன் படிச்சுச் சொல்லித்து. 'இருநூற்றுப் பதின்மூன்றாம் வீட்டு மாமி குழந்தைக்காகப் பின்னத் தொடங்கிய ஸ்வெட்டர்.' சச் மாமி, நிஜமா? அம்மா பின்னினதா?"

"ஆமாம்மா, என் கையால எழுதின சீட்டு" என்றேன். எவ்வளவு பெருமை பாருங்கள்.

பிறகுதான் சொன்னாள். அவள் ஒரு பஞ்சாபிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு போனது எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். அப்பா வீட்டுக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார், ஆறு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. அவள் இருந்தது ரஜௌரி கார்டனில். அதே டில்லிதான், ஒரு பஸ் தூரம். அதற்குள் அவளுக்கு ஒரு குழந்தையும் பிறந்துவிட்டது.

"ஒரு தடவை வந்தேன் மாமி. யாருக்கும் தெரியாது. பேபியைத் தூக்கிண்டு பின் சந்து வரைக்கும் வந்தேன். முன்னாடி அப்பா இருப்பார்னு. கதவு மூடியிருந்தது. மத்லப்… அதாவது… புரிஞ்சுடுத்து எனக்கு. திரும்பிப் போயிட்டேன். அப்புறம் அப்பா போனப்போதான் பேச ஆரம்பிச்சோம். ஆனா அதைப் பத்தி நானும் கேக்கலை, அவளும் சொல்லலை. இப்போ அவளுக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லை. என்னையே தெரியலை. பேர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பறதில்லை. யாரோ நர்ஸ்னு நினைச்சுக்கறா."

அப்புறம் அவள் கேட்டது இதுதான்: "அந்த ஆறு வருஷத்துல அவ என்னை நினைச்சாளான்னு தெரிஞ்சுக்க எனக்கு வழியே இல்லாம இருந்தது மாமி. இப்போ இந்த ஸ்வெட்டர். என் பேபிக்குத்தானே போட்டிருப்பா? நான் அம்மாவை அழைச்சுண்டு வரேன். அவ கையில ஒரு தடவை குடுத்துப் பாக்கணும். அடுத்த வாரம் பூனா போயிடறோம், பையன் கிட்ட."

ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். போனை வைக்கும்போது, "மாமி, அந்தச் சீட்டுல அம்மா பேர் ஏன் இல்லை?" என்று கேட்டாள். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். போனை வைத்த பிறகு உட்கார்ந்து யோசித்தேன். பதினைந்து வருஷம் அடுத்தடுத்து இருந்தும் அவள் பெயர் எனக்குத் தெரியாது. சீ, என்ன ஜென்மம் என்று என்னையே வைதுகொண்டேன்.

இடையில் வந்த வியாழக்கிழமை, அந்த ஸ்வெட்டரை வெயிலில் காட்டி வைக்கலாம் என்று எடுத்தேன். 213-இன் இடத்தில் இரண்டே பொருள்தான். ஒன்று ஸ்வெட்டர். இன்னொன்று ஸ்டோர்ஸ்காரர் இடிபாட்டிலிருந்து கழற்றிக்கொண்டுவந்த ஒரு பின்கதவுத் தாழ்ப்பாள். எங்கள் சந்தில் எல்லா வீட்டுத் தாழ்ப்பாளையும் கொண்டுவந்து வைத்திருக்கிறார் மனுஷர். "இந்தத் துருவை எதுக்குக் கட்டிண்டு அழறேள்?" என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன். "கதவுதான் போயிட்டு, தாப்பாளாவது இருக்கட்டும் மேடம்" என்பார். அன்றும் ஒரு எண்ணெய்க் குப்பியோடு அதைத்தான் நோண்டிக்கொண்டிருந்தார். "மத்த எல்லாம் நகருது. உங்க பக்கத்து வீட்டுது மட்டும் அசைய மாட்டேங்கு."

நான் காதில் வாங்கவில்லை. ஸ்வெட்டரைச் சுற்றியிருந்த மஞ்சள் துணிப்பையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தேன். ரிடையர் ஆகி வீட்டைக் காலி செய்தபோது என் பரணில் கிடைத்த பை. காலி செய்துகொண்டு போகிறவர்கள் எல்லாரும், "வச்சுக்கோங்கோ, அப்புறம் வாங்கிக்கறேன்" என்று எதையாவது என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதில் குண்டூசி குத்திய சீட்டில் என் கையெழுத்தில் 213 என்று இருந்தது. எனக்கு டூ தர்ட்டீன் என்றால் ஒரே ஒருத்திதான். அப்படியே எழுதி வைத்துவிட்டேன்.

வெயில் மடியில் விழுந்தபோது பையில் மங்கிய அச்சு தெரிந்தது. மதுரையில் ஒரு ஜவுளிக்கடை. கீழே ஒரு போன் நம்பர். முப்பது வருஷம் ஃபைல் பார்த்த கண் சும்மா இருக்குமா? எண்ணிற்று. ஒன்பதில் தொடங்கிப் பத்து இலக்கம். மொபைல் நம்பர்.

மாமி அந்த வீட்டை விட்டுப் போனபோது ஊரில் மொபைல் என்ற பேச்சே கிடையாது.

அந்த வெயிலிலேயே உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக ஒரு முகம் மேலே வந்தது. மாமிக்குப் பிறகு 213-க்கு இரண்டு குடும்பம் வந்தது. இரண்டாவது, மதுரைப் பக்கத்துச் சின்னப் பெண். வந்த முதல் நாளே மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "மாமி, பின்கதவுத் தாப்பா துருப்பிடிச்சு இறுகிப் போய்க் கெடக்கு. முன்னாடி இருந்தவங்களும் அப்படியேதான் விட்டுட்டுப் போயிருக்காங்க. மேல புதுசா ஒண்ணு அடிச்சுக்கிட்டோம்" என்றவள். பின் சந்து சர்தார்ணியிடம் ஸ்வெட்டர் போடக் கற்றுக்கொண்டாள். போட்டாள், போட்டாள், இரண்டு குளிர்காலம் போட்டாள். கௌஹாத்திக்கு மாற்றல் வந்து கிளம்பும்போது இந்தப் பையை என் கையில் திணித்துச் சிரித்தாள். "பய வளந்துட்டான் மாமி, இனி இது அவனுக்குப் பத்தாது."

ஸ்டோர்ஸ்காரரிடம் சொன்னேன். அவர் எண்ணெய்க் குப்பியை மூடிவிட்டு, "அப்போ சீட்டு தப்பு. மாத்தணும்லா" என்றார்.

"மாத்தறது இருக்கட்டும். அந்தப் பொண்ணுக்கு யார் சொல்றது?"

"தப்பா எழுதினது யாரு?" என்றார். சில பேருக்கு நாக்கில் இரக்கமே கிடையாது.

வெள்ளியும் சனியும் போனைக் கையில் எடுப்பேன், வைப்பேன். சொல்லாமல் விட்டால்தான் என்ன? அந்தப் பெண்ணுக்கு ஒரு ஆறுதல். அடுத்த வாரம் பூனா போகிறாள். யார் வந்து பையை விரித்து எண்ணப் போகிறார்கள்? ஆனால் அந்த அறையில் இருப்பதெல்லாம் ஓட்டை உடைசல். அது இன்னாருடையது என்பது ஒன்றுதான் அதற்கு மதிப்பு. அதிலும் பொய் சொன்னால் ராக்கைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டுப் போகலாம். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரிந்தும் போன் செய்யவில்லை. பயம்தான், வேறென்ன.

ஞாயிறு காலை மூட்டமாக இருந்தது. பதினோரு மணிக்கு மேல்தான் வெளுத்தது. கார் வந்து நின்றது. தலைமுடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்ட ஒரு பெண், சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நாற்காலியில் மாமி. பழுப்புச் சால்வைக்குள் பாதியாக இருந்தாள். நான் குனிந்து, "மாமி, தெரியறதா?" என்றேன். மரியாதைக்குச் சிரிக்கிற சிரிப்பு ஒன்று சிரித்தாள்.

ராக்குகளுக்கு நடுவில் நாற்காலி சரியாகப் போனது. 208, 209, 210. நான் பின்னால் நடந்தேன். வாயைத் திறக்க வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டிலும் நினைத்தேன். திறப்பதற்குள் 213 வந்துவிட்டது. அந்தப் பெண் ஸ்வெட்டரை எடுத்து, ஒரு நிமிஷம் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, அம்மாவின் மடியில் வைத்தாள்.

"அம்மா, தேக்கோ. பாரு. நீ போட்டது. என் பேபிக்கு."

மாமி அதைத் தொட்டுப் பார்த்தாள். ஊசியை மெதுவாகத் தள்ளினாள். பிறகு இரண்டு கையாலும் ஒழுங்காக மடித்து, எதிரே நின்றவளிடமே நீட்டினாள். "யாராத்துதோ. குடுத்துடும்மா. தேடுவா" என்றாள்.

மறதியிலும் அடுத்தவர் பொருளை வைத்துக்கொள்ளாத மனுஷி. அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை.

"அவ சொல்றதுதான் சரி. தப்பு என்னுது. இது உங்கம்மா பின்னினது இல்லை. அப்புறமா வந்த டூ தர்ட்டீன் பின்னினது. நம்பரைப் பாத்து எழுதிட்டேன். வியாழக்கிழமையே தெரியும், சொல்லத் துணிவில்லை. என்னை என்ன வேணா சொல்லு."

அவள் கீழ் ராக்கில் இருந்த தகரப் பெட்டிமேல் உட்கார்ந்தாள். தொடக்கூடாது, உட்காரக்கூடாது என்று சங்கத் தலைவரையே விரட்டுகிற ஸ்டோர்ஸ்காரர் அவளைத் தடுக்கவில்லை. "அம்மாவுக்குப் பின்னவே தெரியாது மாமி" என்றாள் கடைசியில். "எங்க ஸ்வெட்டரெல்லாம் மார்க்கெட்ல வாங்கினதுதான். எனக்கே தெரியும். அவ்ளோதான், நம்பணும்னு இருந்தது."

ஜன்னல் வெயில் மாமியின் கால்வரை வந்திருந்தது. தூசி மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஹால் பெருக்குகிற அம்மாள் இரும்பு பக்கெட்டை வைத்துக் குழாயைத் திறந்தாள். காலி பக்கெட்டில் தண்ணீர் விழுகிற அந்தச் சத்தம். முதலில் இரும்புச் சத்தம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர்ச் சத்தம். எனக்கு அறை எங்கே போயிற்றோ தெரியாது. விடியக்காலை, சந்து, மதில், கையில் குளிர். யோசித்துச் செய்ததில்லை, வாய் தானாகக் கத்திவிட்டது.

"டூ தர்ட்டீன்! தண்ணி வந்துடுத்து!"

"வந்துட்டேன் டூ ஃபோர்ட்டீன்!"

அதே குரல். ஒரு பிசிறு இல்லை. மாமி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் என்னைத்தான் பார்த்தது. நான் ராக்கைப் பிடித்துக்கொண்டேன். நானும் அந்தப் பழைய மதிலடியிலேயே நின்று பேசினேன்.

"என்ன மாமி, இன்னிக்கும் பின்கதவு சும்மாதான் சாத்தியிருக்கா? தாழ் போடலையா?"

"கத்தாதீங்கோ. மாமா முன் ரூம்ல தூங்கறார்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தாழ் போட்டா அவ எப்படி வருவா?"

அந்தப் பெண் பெட்டியிலிருந்து எழுந்து வந்து நாற்காலியின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "யாரும்மா? யார் வருவா?"

மாமி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். யாரோ நல்ல பெண், சொல்லலாம் என்று தோன்றியிருக்க வேண்டும். "என் பொண்ணு. ஒரு பஞ்சாபிப் பையனைப் பண்ணிண்டு போயிருக்கா. மாமா வரக்கூடாதுன்னுட்டார். முன்பக்கமா வர மாட்டா, பயந்தவ. பின்பக்கமாத்தான் வருவா. கதவைத் தள்ளினாப் போதும்."

நான் ராக்கில் கையை விட்டு அந்தத் தாழ்ப்பாளை எடுத்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தேன். எங்கள் சந்தின் அத்தனை தாழ்ப்பாளிலும் அசையாத ஒன்று. திறந்தபடியே இறுகிப்போனது. அவள் கட்டைவிரலால் தள்ளினாள். இன்னும் அழுத்தித் தள்ளினாள். நகரவில்லை.

"ராத்திரி பூரா எண்ணெயில போட்டுவச்சா நகந்துரும்மா" என்றார் ஸ்டோர்ஸ்காரர்.

"வேண்டாம் அங்கிள்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "மூடியிருந்தது மாமி. மூடித்தான் இருந்தது. நான் தள்ளியே பாக்கலை" என்று சொல்லிவிட்டு, அந்த இரும்பை நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். எனக்கும் அடக்க முடியவில்லை.

மாமி சால்வைக்குள்ளிருந்து ஒரு கையை எடுத்து அவள் தலையில் வைத்தாள்.

"அழாதேம்மா. நீ யாராத்துப் பொண்ணு? நாழியாறது பாரு, ஆத்துக்குப் போ. உங்கம்மா தேடிண்டிருப்பா."

வெளியே பக்கெட் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. ஸ்டோர்ஸ்காரர் போய்க் குழாயை மூடினார்.